கினுயோ விழவில்லை

பனி விழ ஆரம்பித்துவிட்டால் கிதாசவா ஊர் ஆண்களின் வீரமெல்லாம் கொட்டகைக்குள் போய்விடும். கோடை முழுக்கத் தடதடவென்று ஊரைச் சுற்றிய மோட்டார் சைக்கிள்களுக்கு நவம்பரில் போர்வை போர்த்திவிட்டு, ஏப்ரல் வரை அவற்றின் பெருமையை மதுக்கடையில் உட்கார்ந்து பேசுவார்கள். தபால்காரர்கள் மட்டும் பாவம், பனியிலும் ஓட்டித்தான் ஆக வேண்டும். அவர்களை விட்டால், ஜப்பானின் வடக்கே, ஹொக்கைடோவின் அந்த மூலையில் குளிர்காலத்தில் இரண்டு சக்கரத்தை நம்பி வேலைக்குப் போகிற ஒரே ஆள், முடிதிருத்தும் கடைக்காரர் சசமோரியின் மனைவி கினுயோ.

ஐம்பதைத் தாண்டிய குள்ளமான பெண்மணி. மேட்டின் மேல் இருக்கிற மருத்துவமனையின் சமையல்கூடத்தில் காலைக் கஞ்சி அவள் பொறுப்பு. விடியுமுன் அவள் போய் அடுப்பைப் பற்றவைக்காவிட்டால் நோயாளிகள் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்க வேண்டியதுதான். முதல் பேருந்து எட்டு மணிக்கு மேல்தான் வரும். வீட்டில் கார் கிடையாது. கார் ஓட்டக் கற்கப் போன சசமோரி, பயிற்சிப் பள்ளியின் சுவரில் இரண்டு முறை மோதிவிட்டு அந்த ஆசையையே கைகழுவியவர்.

ஆகவே அவள் ஒரு சின்னப் பச்சை மோட்டார் சைக்கிள் வாங்கினாள். வாங்கிய அன்றே புருஷன் ஒரு நிபந்தனை போட்டார். பனியில் ஒரே ஒரு தடவை விழுந்தாலும் வண்டியை விற்றுவிட வேண்டும், மருத்துவமனை வேலையையும் விட்டுவிட வேண்டும். கினுயோ யோசிக்காமல் சரி என்றாள். முடிதிருத்தும் கடையில் பேசிய பேச்சு ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? அன்றிலிருந்து ஊரே அவள் எப்போது விழுவாள் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தது. ஐந்து குளிர்காலம் போயும் அவள் விழவில்லை.

அவள் ஓட்டுகிற அழகைத் தினமும் பார்க்கிற பாக்கியம் தோமபெச்சிக்கு மட்டும்தான். ஊரின் பனி வாரும் வண்டியை ஓட்டுபவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்து இடது ஓரத்தைப் பார்த்துச் சொல்வதற்கு இவாமா என்று ஓர் உதவியாளர். இவாமாவின் கண் பார்ப்பதைவிட வாய் பேசுவது அதிகம். இருட்டில் இருவரும் பெரிய சாலையை வாரி முடித்து, பேருந்துச் சாலைக்குத் திரும்பும் நேரத்தில் தூரத்தில் சங்கிலிச் சத்தம் கேட்கும். பின்சக்கரத்தில் சுற்றிய சங்கிலி, பனியைக் கடித்துக் கடித்து ஜல் ஜல்லென்று வரும்.

“உங்க ஆளு வர்றாங்க,” என்பார் இவாமா.

“வாயக் கழுவுய்யா,” என்பார் தோமபெச்சி. ஆனாலும் வண்டியை ஓரம் கட்டிவிடுவார்.

கைப்பிடிகளில் முழங்கை வரை வருகிற தடித்த உறை. இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டு, குதிகால் பனியைத் தடவியும் தடவாமலும் வருவாள். வளைவு வருவதற்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவாள்; வளைவுக்குள் வந்தபின் எதையும் தொட மாட்டாள். பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்தவள் போல இருக்கும். வணக்கம் சொல்லக் கையை எடுக்க மாட்டாள், தலையையும் திருப்ப மாட்டாள். ஹெல்மெட் ஒரு விரல் அளவு குனியும். அவ்வளவுதான் மரியாதை.

தோமபெச்சிக்கு அது போதும். இளவயதில் அவரும் ஒரு முறை பனியில் வண்டி எடுத்தவர்தான். தபால் நிலையத்தின் எதிரே, பள்ளிக்கூடப் பெண்கள் ஒரு கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, குட்டிக்கரணம் போட்டார். அன்று போர்த்திய போர்வையை அப்புறம் எடுக்கவே இல்லை. ஆகவே அந்தப் பெண்மணி செய்வது என்னவென்று அவர் எலும்புக்குத் தெரியும். ஊர்க்காரர்கள் அவளைப் பிடிவாதக்காரி என்றார்கள். அவரோ, மனதுக்குள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் ஓர் இரவு முழுக்கப் பனி கொட்டித் தீர்த்தது. காலையில் மருத்துவமனை மேட்டில் முழங்கால் ஆழம். வழக்கப்படி மேட்டுச் சாலை கடைசியில்தான் வாரப்படும். கினுயோ பாதி தூரம் ஓட்டியும், மீதி தூரம் இறங்கித் தள்ளியும், மூச்சு புகையாகக் கிளம்ப ஏறிக்கொண்டிருந்ததைத் தோமபெச்சி கீழேயிருந்து பார்த்தார். நாளையிலிருந்து மேட்டைத்தான் முதலில் வாரப்போகிறேன் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார். வரிசையை மாற்றினால் பேருந்துக்காரன் சத்தம் போடுவான் என்று இவாமா சொல்லிப் பார்த்தார். போடட்டும் என்றார் தோமபெச்சி.

மறுநாள் மேட்டுச் சாலைக்கு ராஜ உபசாரம். ஒரு முறை வாரியது போதாதென்று, வண்டியின் முன்னால் இருக்கிற வாரும் தகட்டை நன்றாக அழுத்தி இன்னொரு முறையும் வாரினார். ஒரு துளிப் பனி மிச்சமில்லை. சாலை கருகருவென்று, துடைத்துவைத்தது போலக் கிடந்தது. கல்யாணப் பந்தலுக்கு வழி போட்டவர் மாதிரி ஒரு திருப்தியோடு அடிவாரத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார்.

ஜல் ஜல்லென்று சத்தம் வந்தது. மேட்டில் ஏறிய இரண்டாம் நொடியே சத்தம் மாறியது. கடகடவென்று ஓர் ஓசை. பிறகு ஒன்றுமே இல்லை. முன்விளக்கு வானத்தைப் பார்த்தது.

தோமபெச்சி கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ஓடினார் என்பது பேச்சுக்குத்தான். நாலாவது எட்டில் இரண்டு காலும் முன்னே பறக்க, தொப்பென்று உட்கார்ந்தார். உள்ளங்கையைச் சாலையில் ஊன்றியபோதுதான் விளங்கியது. பனியை வாரவில்லை அவர். அதற்கு அடியில் உறைந்திருந்த ஐஸை இழைத்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார். சங்கிலி கடிப்பதற்கு மேலே ஒரு பிடிப் பனியாவது இருக்க வேண்டாமா? அதைத்தான் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டார்.

எதிரே கினுயோவும் உட்கார்ந்தபடி அவரைப் பார்த்தாள். அடி ஒன்றும் பலமில்லை. வண்டியின் கண்ணாடி ஒன்றுதான் உடைந்திருந்தது. இரண்டு பேரும் நடுச்சாலையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த கோலத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் வாடியது. ஒப்பந்தம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

பின்னாலேயே வந்த இவாமா வண்டியைத் தூக்கி நிறுத்தினார். “நாங்க எதையும் பார்க்கல, கினுயோ சான்,” என்றார், ‘சான்’ என்று மரியாதை சேர்த்து.

“நான் பார்த்தேனே,” என்றாள் கினுயோ.

குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தோமபெச்சி வாயைத் திறந்தார். அதற்குள் கஞ்சிக்கு நேரமாகிவிட்டது என்று அவள் ஓரத்துப் பனியில் சக்கரத்தை ஏற்றித் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் சங்கிலிச் சத்தம் வரவில்லை. வழக்கமான நேரத்துக்கு வெகு முன்பே ஒரு கைவிளக்கு மட்டும் சாலையோரமாக அசைந்து அசைந்து வந்தது. கழுத்துவரை துணி சுற்றிக்கொண்டு கினுயோ நடந்து போய்க்கொண்டிருந்தாள். இவாமா கண்ணாடியை இறக்கி விசாரித்தார். விழுந்ததை வீட்டில் சொல்லிவிட்டதாகவும், மாத முடிவுவரை இப்படி நடந்து வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு நின்றுவிடுவதாகவும் சொன்னாள். குரலில் குறை இல்லை. அதுதான் தோமபெச்சியைக் குத்தியது. அன்று முழுக்க இவாமாவும் பேசவில்லை. அது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

மத்தியானம் தோமபெச்சி முடிதிருத்தும் கடைக்குப் போனார். சசமோரி அவரை நாற்காலியில் சாய்த்து, சுடுதுண்டு போட்டு எடுத்து, முகம் முழுக்க நுரை பூசினார். சவரக்கத்தி கன்னத்தில் இறங்கியதும் பேச ஆரம்பித்தார். கத்தி தொண்டைக்கருகே இருக்கும்போது கேட்பவர் குறுக்கே பேச மாட்டார் என்று எல்லா முடிதிருத்துபவர்களுக்கும் தெரியும்.

கினுயோ விழுந்தாளாமே என்று ஊர் கேட்கிறதாம். விழுந்ததில் தனக்கு நிம்மதிதான் என்றார். தினமும் அவள் கிளம்பியதும் அவர் கடையில் வந்து தொலைபேசியின் முன்னால் நிற்பாராம். சமையல்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் அங்கிருந்து போன் போட்டு, ஒரே ஒரு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவாள். அந்த மணி வரும்வரை அவரால் கத்தியைத் தீட்டக்கூட முடியாது.

“அஞ்சு வருஷமா ஒரு நாள்கூட அவ ஓட்டிப் பார்த்ததில்ல நான்,” என்றார். “ஜன்னல் பக்கமே போக மாட்டேன். நீங்கதான் தினம் பார்க்குறீங்க. எப்படி ஓட்டுவா?”

கத்தி நின்றது. தோமபெச்சி பாதி நுரையோடு எழுந்து உட்கார்ந்தார். காலைத் தொங்கவிடுவது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் கொல்வது, வளைவுக்குள் மூச்சுகூட விடாதவள் போல வருவது, விரல் அளவு குனிகிற ஹெல்மெட், எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு ஓட்டியே காட்டினார். இந்த ஊரில் அப்படி ஓட்ட ஆண்பிள்ளை எவனுக்கும் துப்பில்லை, தனக்கும் இல்லை என்றார். சசமோரி கத்தியைப் பிடித்தபடி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்புறம் ஏன் விழுந்தா?”

தோமபெச்சி திரும்பச் சாய்ந்து, தொண்டையைக் காட்டிக்கொண்டு படுத்தார்.

“அவங்க விழல, சசமோரி சான். நான்தான் விழ வெச்சேன். அவங்களுக்குச் சுலபமா இருக்கட்டும்னு ரோட்ட அடிவரைக்கும் சுரண்டிட்டேன். ஐஸ் மட்டுந்தான் மிச்சம் இருந்துச்சு. அது மேல நடந்து போன நானே விழுந்தேன்.”

பிறகு கத்தி மெதுவாகத் தாடையில் இறங்கியது.

“ரொம்ப ஒட்ட ஷேவ் பண்ணிட்டீங்க,” என்றார் சசமோரி.

மீதிச் சவரத்தையும் முடித்தார். துண்டை உதறி, கண்ணாடியைக் காட்டும்போதுதான் அடுத்த வார்த்தை வந்தது.

“அது கணக்குல வராது,” என்றார், கண்ணாடியைப் பார்த்து.

மறுநாள் தோமபெச்சி மேட்டுப் பக்கமே போகவில்லை. இரவில் விழுந்த பனி, சங்கிலி கடிக்கப் போதுமான அளவு, அங்கே அப்படியே கிடந்தது. பேருந்துச் சாலையை முடித்துவிட்டு முடிதிருத்தும் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினார். கடைக்குள் விளக்கு எரிந்தது. கதவு திறந்து கிடக்க, சசமோரி வெள்ளை அங்கியோடும் செருப்போடும் சாலைக்கே வந்து நின்றிருந்தார். குளிரில் அவர் காது சிவந்திருந்தது. இந்த மனிதர் தெருவில் நிற்பதை அந்த நேரத்தில் யாரும் பார்த்ததில்லை.

பக்கத்துச் சந்திலிருந்து ஜல் ஜல்லென்று சத்தம் கிளம்பியது. உடைந்த கண்ணாடி இருந்த இடத்தில், கடையில் பின்தலையைக் காட்டுகிற கைக்கண்ணாடி ஒன்று கம்பியால் கட்டப்பட்டிருந்தது. புருஷனைக் கடக்கும்போதும் கினுயோ திரும்பவில்லை. ஹெல்மெட் ஒரு விரல் குனிந்தது. வளைவுக்கு முன்னால் வேகம் அடங்கியது. கால்கள் பனியைத் தடவின. வளைந்து, பாலம் தாண்டி, மேட்டில் ஏற ஆரம்பித்தாள். அந்தச் சின்ன விளக்கு ஏறிக்கொண்டே போவதைச் சசமோரி இமைக்காமல் பார்த்தார். மருத்துவமனை வாசலில் விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் சமையல்கூடத்து ஜன்னல் வெளிச்சமானது.

“ஐயோ, போன்,” என்று சொல்லிக்கொண்டு சசமோரி கடையை நோக்கி ஓடினார்.

மூன்று எட்டுகூட வைத்திருக்க மாட்டார். செருப்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மல்லாந்து விழுந்தார். தோமபெச்சி பதறி இறங்கப் போனார். அதற்குள் திறந்த கதவு வழியாக மணி ஒரே ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. சசமோரி எழுந்திருக்கவில்லை. பனியில் படுத்தபடியே வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

“தோமபெச்சி சான், இத அவகிட்ட சொல்லிடாதீங்க.”

“எத?” என்றார் தோமபெச்சி.