'இதர' பெட்டியில் ஐம்பத்தெட்டுப் பேர்

ஹரிபிரசாத்தை அடிக்கக் கூடாது என்று பிச்சாட்டூரிலிருந்து திருப்பதி வரை பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் ஆபீஸ் மாடிப்படி ஏறும்போதே அந்த நல்ல புத்தி பாதி கரைந்துவிட்டது.

எங்கள் ஆந்திர எல்லையோரம், சத்தியவேடு பக்கம் செல்போன் பாகம் பூட்டும் கம்பெனி ஒன்று வந்திருக்கிறது. பெண்களுக்குத்தான் வேலை. ஹாஸ்டல் உண்டு, பஸ் உண்டு. இருபத்தாறு வயது முடிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு முடிய இன்னும் ஒன்பது நாள். அதற்குள் கூப்பிடாவிட்டால் அடுத்தவன் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கியே காலம் தள்ளவேண்டியதுதான்.

ஃபாரம் போட்டு ஒன்றரை வருஷம். போனில்தான் போடவேண்டும். போட்ட மறுநிமிஷம் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு மெசேஜ் வந்தது, அதோடு சரி. எதிர்வீட்டுப் பத்மாவதிக்கு என்னைவிட மார்க் கம்மி. அவளுக்கு நாலாம் நாளே இன்டர்வியூ. அவள் படித்தது தெலுங்கு மீடியம். என்னோடு தமிழ் மீடியம் படித்த நாலு பேரும் ஃபாரம் போட்டிருந்தார்கள். எங்கள் ஐந்து பேருக்கும் அதே மெசேஜ், ஓர் எழுத்து மாறவில்லை. சூட்சுமம் எங்கே என்று கண்டுபிடிக்க எனக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

அந்தக் கம்பெனிக்கு ஆள் பொறுக்கிக் கொடுப்பது இந்தத் திருப்பதி ஆபீஸ். இங்கே ஃபாரங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறவன் ஹரிபிரசாத். எங்கள் ஊர்க்காரன், பத்தாவது வரை என் வகுப்பு, அதே தமிழ் மீடியம்.

என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஈ ஆடவில்லை.

"வா, கீழ போய் டீ குடிக்கலாம்" என்றான் மெதுவாக.

"டீ குடிக்க வரல. என் ஃபாரம் எங்க இருக்குது, காட்டு."

மேனேஜர் கிரண்குமார் கண்ணாடி அறைக்குள் போன் பேசிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு திரையை என் பக்கம் திருப்பினான். பெட்டிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக ஒரு படம் இருந்தது.

"ஃபாரம் இங்க வருது. எந்த மீடியம்னு பார்க்கும். தெலுங்கு, இல்லைன்னா இங்கிலீஷ்னா இந்தப் பக்கம் போவும். அப்பால வயசு, மார்க் பார்த்து இன்டர்வியூ மெசேஜ் தானா போயிடும். ரெண்டும் இல்லைன்னா அந்தப் பக்கம்."

பாகாலா ஜங்ஷனில் ரயில் பிரிகிற மாதிரி இருந்தது. ஆனால் பாகாலாவில் எந்தத் தண்டவாளத்தில் போனாலும் ஏதோ ஓர் ஊர் வரும். இங்கே அந்தப் பக்கத்துக் கோடு 'இதர' என்ற பெட்டியில் முட்டி நின்றது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

"இந்தப் பெட்டிய யாரு பார்ப்பாங்க?"

"ஆளு வெச்சிப் பார்க்கலாம்னுதான் போட்டோம்."

"எந்த ஆளு பார்த்தான்?"

மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினான்.

"இப்படிப் பிரிச்சது யாரு?"

"நான்தான். மீட்டிங்ல சார் கேட்டாரு, தெலுங்கு இங்கிலீஷ் வுட்டா நம்ம ஜில்லாவுல வேற மீடியம் யாருனா படிக்கிறாங்களான்னு. எனுக்கு வாய் வரல, பத்மினி. நான் திருப்பதியிலயே தெலுங்கு மீடியம் படிச்சவன்னு இங்க எல்லாரும் நெனச்சிக்கினு இருக்காங்க."

"உன் கவுரவத்துக்கு எங்க சோத்துல மண்ணப் போட்டியாடா?"

"கத்தாத. உன் பேர மட்டும் இந்தப் பக்கம் தள்ளிடறேன். போயிடு."

"எல்லாரையும் தள்ளு. இல்லைன்னா நீ எந்த ஸ்கூலுன்னு உங்க சாராண்ட நானே போய்ச் சொல்றேன்."

எழுந்தேவிட்டேன். கும்பிடாத குறையாக என்னை உட்காரவைத்தான். 'இதர'விலிருந்து வயது பார்க்கும் பெட்டிக்குப் புதிதாக ஒரு கோடு இழுத்து, உள்ளே கிடந்த ஐம்பத்தெட்டுப் பேரையும் ஒன்றாக ஓடவிட்டான். பெயருக்குப் பக்கத்தில் பச்சையோ சிவப்போ விழுந்தது. எனக்குப் பச்சை. கையிலிருந்த போன் அதிர்ந்தது: வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம்தான் சிவப்பை எண்ணினேன். முப்பத்தொன்று. எல்லாருக்கும் ஒரே காரணம்: வயது மீறியது.

"ஃபாரம் போடும்போது இவங்களுக்கு வயசு இருந்திருக்குமே?"

"போட்ட நாள்ல பார்க்காது. வயசு பார்க்கற பெட்டிக்குள்ள வர நாள்லதான் பார்க்கும். அது கம்பெனி வெச்ச ரூலு, நான் தொட முடியாது. மெசேஜும் போயிடுச்சி."

ஆக, இவன் பெட்டியில் கிடந்தே வயது தாண்டியிருக்கிறார்கள். சிவப்பில் பதினேழாவது பெயர் ஹரிதா. இவனுடைய கூடப்பிறந்த அக்கா. நகரியில் தறி ஓட்டி இவனைக் காலேஜில் சேர்த்தவள். ஃபாரம் போட்டபோது அவளுக்கு இருபத்தைந்தரை, இப்போது இருபத்தேழு.

"அக்கா இதுல கெடக்கறது தெரியுமா உனுக்கு?"

"தெரியும். அப்பால பார்த்துக்கலாம்னு இருந்தேன்." மவுஸைக் கொண்டுபோய் என் பெயர்மேல் நிறுத்தினான். "அவளாண்ட மூச்சு வுடாத. வுட்டின்னா உன் இன்டர்வியூவ கேன்சல் பண்ண எனுக்கு ஒரு நிமிஷம் ஆவாது."

அதற்குள் அவன் போன் அடித்தது. ஹரிதாக்காவேதான். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியதால் எனக்கும் கேட்டது.

"தம்பி, வயசு தாண்டிடுச்சாம்டா. இப்பதான் மெசேஜ் வந்துது."

"அது கம்ப்யூட்டர்க்கா. தானா பண்ணுது. நான் இன்னா பண்ண முடியும்?"

"நீ இன்னா பண்ணுவ, பாவம். மத்தியானம் துன்னியா நீ?"

அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. போனைப் பிடுங்கினேன்.

"ஹரிதாக்கா, நான் பத்மினி பேசறேன். கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணலக்கா. உன் ஃபாரத்த யாரும் பார்க்காத எடத்துல போட்டது உன் தம்பி. ஒன்றரை வருஷமா அவனுக்குத் தெரியும்."

ஹரிபிரசாத் மவுஸை அழுத்தினான். திரையில் என் பெயர் காணாமல் போனது. என் போனில் இன்னொரு மெசேஜ் அதிர்ந்தது. அதை நான் பார்க்கவில்லை. அவன் போனை ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தை முழுக்க ஏற்றி மேஜை நடுவில் வைத்தேன்.

அந்தப் பக்கம் தறி நின்றது. "டேய், இன்னாடா சொல்றா இவ?" என்று எங்கள் ஊர்த் தமிழில் ஹரிதாக்கா போட்ட கூச்சலில் ஆபீஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு கிரண்குமார் வெளியே வந்தார். அவள் அப்போதுதான் ஆரம்பித்திருந்தாள்.