சாங்க்தான்ஸ் கலியாணம்

ஏழு வயதுப் பிள்ளையின் விளையாட்டுக் கலியாணத்துக்குச் சாதி பார்த்த மனிசனை ஒஸ்லோவில் வேறு ஒருத்தரும் கண்டிருக்க மாட்டார்கள். ராசமலர் கண்டாள். அவளுடைய புருசன்தான் அந்த மனிசன்.

ஜூன் இருபத்துமூன்று நோர்வேக்காரருக்குச் சாங்க்தான்ஸ். சூரியன் போக மனமில்லாமல் வானத்திலேயே கிடக்கும் நாட்கள் அவை. தண்ணீர்க் கரைகளில் விறகு குவித்துக் கொளுத்துவார்கள், இறைச்சி வாட்டுவார்கள். மேற்கே ஹார்டாங்கர் பக்கம் இன்னொரு வழக்கமும் உண்டு. இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை, பொம்பிளை வேஷம் போட்டு, வயலின் வாசித்து ஊர்வலம் கொண்டுபோவார்கள். ராசமலரின் மகள் யதுர்ஷாவின் வகுப்பு ரீச்சர் இங்குன் அந்தப் பக்கத்துக்காரி. இந்த வருசம் இங்கே ரொம்சோசிலும் அதைச் செய்வோம் என்று பெற்றாருக்கெல்லாம் கடிதம் அனுப்பினாள். சீட்டுக் குலுக்கியதில் பொம்பிளை யதுர்ஷா. மாப்பிள்ளை, பக்கத்துக் கட்டடத்துத் தமிழன் அல்பேர்ட்டின் மகன் ஆன்ட்ரியாஸ்.

அன்றிலிருந்து வீட்டில் பேயாட்டம்.

"ஆரைக் கேட்டு ஓமெண்டனீ?" என்று புருசன் சிவானந்தன் குதித்தான். "அவங்கள் ஆர் எண்டு தெரியாதே உனக்கு?"

தெரியாமல் என்ன! மூன்று வருசத்துக்கு முன் அல்பேர்ட் குடும்பம் குடிவந்த அன்றே சிவானந்தன் லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணருக்குப் போன் போட்டான். அண்ணர் லண்டனுக்குப் போட்டார். லண்டன் ரொறன்ரோவுக்குப் போட்டது. பின்னேரத்துக்குள் அல்பேர்ட்டின் நாலு தலைமுறையும் தந்தியில்லாமல் வந்து சேர்ந்துவிட்டது. அவனுடைய தகப்பனைப் பெற்றவருக்கு ஊர்க் கிணற்றில் தண்ணீர் அள்ள உரிமை இல்லாமல் இருந்ததாம். அந்த மகா பாவத்துக்கு அல்பேர்ட் இங்கே தண்டனை அனுபவிக்க வேண்டுமாம்.

அதற்காக அல்பேர்ட்டின் உதவியை மட்டும் வேண்டாமென்றதில்லை. மைனஸ் இருபதில் சிவானந்தனின் கார் செத்துக் கிடந்தபோது பற்றரி வயர் கொண்டு ஓடிவந்தவன் அவன்தான். வந்தவனுக்கு ராசமலர் தேத்தண்ணி கொடுத்தாள், பேப்பர் கப்பில். மற்றச் சனத்துக்குப் பூப்போட்ட பீங்கான் கப். அல்பேர்ட் வந்தாலும் சரி, பெண்சாதி நிலூஜா வந்தாலும் சரி, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பேப்பர் கப் இறங்கும். "கழுவுற வேலை மிச்சம்" என்று சிரித்துச் சிரித்துக் கொடுப்பாள். சொன்னது புருசன், கொடுத்தது அவளுடைய கை.

சாங்க்தான்ஸ் அன்று மத்தியானம் யதுர்ஷா வெள்ளைச் சட்டையும் தங்கத்தாள் முடியுமாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். சிவானந்தன் கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"ஒருத்தரும் போகேலாது. நாளைக்குப் படம் எடுத்து ஊரெல்லாம் காட்டுவினம். என்ரை மகள் அவங்கடை பெடியன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்க!"

பதினொரு வருசமாகப் பூட்டிக் கிடந்த ராசமலரின் வாய் அப்போது திறந்தது.

"போன மாரியிலை பஸ்ஸிலை ஒரு குடிகாரன் உங்களைக் கறுப்பன் எண்டு துப்பினவன் எல்லே? மூண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தனீங்கள். 'நானும் மனிசன்தானே ராசமலர்' எண்டு அழுதனீங்கள். அவன் உங்களைப் பாத்த பார்வைதானே நீங்கள் அல்பேர்ட்டைப் பாக்கிறது? வெக்கமில்லையோ? விலகுங்கோ!"

சிவானந்தன் விலகினான். போகாவிட்டால் வேறு கதை கட்டுவார்கள் என்ற பயத்தில் பத்தடி தள்ளிப் பின்னால் வந்தும் சேர்ந்தான். ராசமலருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வென்றுவிட்டாளாம்!

குளத்தங்கரையில் இருபது குடும்பம். பாகிஸ்தான்காரர் கோழி வாட்டினார்கள், சோமாலியத் தாய்மார் சமூசா கொண்டு வந்திருந்தார்கள். இங்குன் வயலின் வாசித்து முன்னால் போக, ஆன்ட்ரியாஸ் பெரிய தொப்பிக்குள் மூக்கு மட்டும் தெரிய யதுர்ஷாவின் கையைப் பிடித்து நடந்தான். நிலூஜா கைதட்டிச் சிரித்தாள். நெருப்புக் குவியலடியில் ஊர்வலம் நின்றது. இங்குன் பூவேலை செய்த ஒரு மரக்கிண்ணத்தில் ஜூஸ் நிறைத்து நீட்டினாள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒரே கிண்ணத்தில் குடிப்பதுதான் தங்கள் ஊர்ச் சடங்கு என்றாள்.

யதுர்ஷா கிண்ணத்தை வாங்கினாள். குடிக்கவில்லை. சாப்பாடு வைத்திருந்த மேசையைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் விளங்கும் சுத்தமான நோர்வேஜிய மொழியில் கேட்டாள்:

"ஆன்ட்ரியாசுக்குப் பேப்பர் கப் இல்லையா?"

"ஏன், கண்ணே?" என்று இங்குன் சிரித்தாள்.

"அவர்களுக்கு எங்கள் வீட்டில் பேப்பர் கப்பில்தான் கொடுப்பது. அம்மா அப்படித்தான் கொடுப்பா."

அப்பா என்று சொல்லவில்லை பிள்ளை. அம்மா என்றாள்.

நிலூஜாவின் கைதட்டல் நின்றது. அல்பேர்ட் நெருப்பைப் பார்த்தான். சிவானந்தன் தன் சப்பாத்தைப் பார்த்தான். ராசமலர் தன் கையைப் பார்த்தாள். கதவடியில் அவ்வளவு கத்தினாளே, அந்த வாய்க்கு இந்தக் கையைப் பற்றி ஒரு சொல் சொல்லத் தெரிந்ததா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தை ஊட்டிவிட்டவள் அவள். புருசன் மேலிருந்த ஆத்திரம் இரண்டு மடங்காகி அவள் மேலேயே விழுந்தது.

பாய்ந்துபோய்க் கிண்ணத்தை வாங்கினாள். ஆன்ட்ரியாசின் வாயில் பிடித்தாள். அவன் மடக்மடக்கென்று குடித்துவிட்டு ஜூஸ் மீசை முளைத்த வாயோடு சிரித்தான். அதே இடத்தில் வாய் வைத்து அவள் குடித்தாள். பிறகு யதுர்ஷாவுக்குக் கொடுத்தாள்.

"குடி பிள்ளை. அம்மா செய்தது பிழை. பெரிய பிழை."

பிள்ளை குடித்தது. ராசமலர் நேரே சிவானந்தனுக்கு முன்னால் போய்க் கிண்ணத்தை நீட்டினாள்.

"குடியுங்கோ."

"எல்லாரும் பாக்கினம்..." என்று பல்லைக் கடித்தான்.

"பாக்கட்டும். உங்கடை மகளும் பாக்கிறாள். அவளுக்காகக் குடியுங்கோ."

அவன் கிண்ணத்தைக் கையில் வாங்கினான். ஒரு நிமிசம் வைத்திருந்தான். பிறகு குனிந்து புல்லில் வைத்துவிட்டு, ரயில் நிலையப் பக்கம் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. போகட்டும் என்று விட்டாள். கூப்பிட அவளுக்கு மனமும் இல்லை.

வயலின் மறுபடி தொடங்கியது. பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு நெருப்பைச் சுற்றி ஓடினார்கள். ராசமலர் நிலூஜாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நிலூஜா, நாளைக்கு வீட்டை வாரும். நல்ல கப்பிலை தேத்தண்ணி தாறன்."

நிலூஜா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதல் நாளே எனக்கு விளங்கினது அக்கா. உங்கடை அலுமாரிக்குக் கண்ணாடிக் கதவெல்லே. நல்ல கப்பைக் காட்டி எங்களை மனிசராக்க வேண்டாம். மூண்டு வருசமாக் கூப்பிடுறன், ஒரு நாளாவது எங்கடை வீட்டு வாசல் மிதிச்சியளோ? நாளைக்கு நீங்கள் வாங்கோ."

மகனின் தொப்பியைச் சரிசெய்ய இரண்டடி வைத்தவள், நின்று திரும்பினாள்.

"எங்களிட்டைப் பேப்பர் கப் இல்லை."