ஹெப்சியின் சிப்பும் ஆம்பூர் பாடகர் குழுவும்

1

இந்தக் கதை ரோஷத்தில் பிறந்தது. ஆம்பூரில் நான் பாடம் நடத்தும் பள்ளியின் ஆசிரியர் அறையில், "என் மகள் ஹெப்சி பெங்களூரில் சிப் வடிவமைக்கிறாள்" என்றேன். "செல்போன் ரிப்பேரா, ஜார்ஜ் சார்?" என்றார்கள். அன்றைக்கே பேனாவை எடுத்துவிட்டேன்.

"2006ஆம் ஆண்டு மின்னணு உலகம் ஒரு மாபெரும்…"

வேண்டாம். பாடப்புத்தக வாசனை.

2

விஷயம் இதுதான். டிவிடி பிளேயரிலிருந்து புது டிவிக்கு ஒரே கேபிளில் படமும் ஒலியும் போகிறதே, எச்டிஎம்ஐ, அதை டிவிக்குள் வாங்கிப் பிரித்து, இரண்டும் ஒன்றுக்கொன்று முந்தாமல் பிந்தாமல் கொடுக்கிற சிப். அதில் ஒலிப் பகுதி என் மகளுடையது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பீர்கள். என்றுவிட்டுப் போங்கள், எனக்குப் பெருமைதான்.

முதல் சிப் தயாராகி வந்ததும், ஆசையாக எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் டிவிடியைப் போட்டாளாம். திரையில் பாடகர் குழுத் தலைவனாக நான், தொடங்குங்கள் என்று கையை இறக்குகிறேன். பாட்டு சற்றுப் பின்னால் வருகிறது.

"ஒலி லேட்டு," என்றான் உடன் வேலை செய்யும் கார்முகிலன்.

(வாயசைவைப் பார்க்கலாமே என்கிறீர்களா? கேமரா பாடுகிறவர்களுக்குப் பின்னால் இருந்தது. அவர்கள் முதுகுதான் தெரியும். மற்ற டிவிடிகள் சரியாகத்தான் ஓடின. ஆனால் ஒன்றில் பிசகினாலும் பிசகுதானே?)

திங்கட்கிழமை டிவி கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். பிழை உண்மையென்றால் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஹெப்சியின் ஒரு வருஷ உழைப்பைத் திரும்ப முதலிலிருந்து வரைய வேண்டும்.

3

கார்முகிலனை வில்லனாக்கிப் பார்த்தேன். [எழுதிக் கிழித்தேன்.] பையன் அவன் வேலையைத்தான் செய்தான். நல்ல காது. நல்ல காதைத் திட்ட எனக்கு மனம் வராது.

சனிக்கிழமை ஒத்திகை நடுவில் ஹெப்சியின் போன்.

"அப்பா, பேஜாரா இருக்கு. நெஜத்த சொல்லுங்க. சிப்பு லேட்டா, நம்மாளுங்க லேட்டா?"

எங்கள் சபையில் ஒரு பழக்கம். கை இறங்கியதும் யாரும் பாடமாட்டார்கள். பக்கத்து ஆள் மூச்சு இழுக்கட்டும் என்று காத்திருப்பார்கள், யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாதாம். நானும் கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டேன். பெங்களூரில் இது யாருக்குத் தெரியும்?

"நம்மாளுங்கதாம்மா."

"வாயால சொன்னா நம்ப மாட்டாங்கப்பா. ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன், கார்முகிலனும் கேக்கறாரு. கைய எறக்கறப்போ 'இப்போ'ன்னு சொல்லி, பாட வைங்க. எவ்ளோ கழிச்சு பாட்டு வருதுன்னு அவரே கேக்கட்டும்."

4

முடிவு ஒன்று: அவர்கள் வழக்கம்போலத் தாமதமாகப் பாட, என் மகள் ஜெயிக்க, நான்…

அவ்வளவு சுலபமாக முடிந்திருந்தால் நான் ஏன் எழுதுகிறேன்? நாங்கள் பேசியது பாடகர்கள் காதில் விழுந்துவிட்டது. ஷூ கம்பெனி சூப்பர்வைசர் டைட்டஸ் எழுந்தான்.

"இன்னா மாஸ்டர், நம்மள லேட்டுன்றாங்களா? இன்னிக்கி பாருங்க, கரெக்டா எடுக்கறோம்."

"நம்ம ஹெப்சி மானத்த காப்பாத்தணும்பா," என்றார் நர்ஸ் ஜெயபுஷ்பம். எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். அவள்மேல் அத்தனை பாசம் இவர்களுக்கு. ஆனால் இவர்கள் சரியாக எடுத்தால் பழி சிப்பின் மேல் அல்லவா விழும்!

"வேணாம், எப்பவும் போல…"

பாதியில் நிறுத்திக்கொண்டேன். கார்முகிலன் கேட்டுக்கொண்டிருக்கிறான். சொல்லிக்கொடுத்துப் பாடவைத்தால் அது சோதனையா?

கையைத் தூக்கினேன். கர்த்தாவே, இன்றைக்கும் இவர்கள் தாமதமாகப் பாடட்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஜெபித்தேன். கையை இறக்கி, "இப்போ" என்றேன்.

இங்கே நிறுத்துகிறேன். என் ஜனங்களையும் என் மகளையும் இப்போது உங்களுக்குத் தெரியும். அடுத்த வரியை நீங்களே எழுதுங்கள். நான் எழுதினால் பெருமையில் பொய் சொல்லிவிடுவேன்.