சிட்டம்மாளுக்கு இரண்டு குடம்

என் வீட்டுக்காரர் ஞானதாஸ் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தை ஒரு வருஷமாவது முழுசாக முடித்ததாகச் சரித்திரம் இல்லை. பீடியை விட்ட வருஷம் மூன்றாம் நாளே மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் புகை வந்தது. கறியை விட்ட வருஷம் பக்கத்து ஊரான பெருநகரில் சிநேகிதர் வீட்டுக் காதுகுத்து வந்து கெடுத்தது. எழுபத்தெட்டாம் வருஷம், சாம்பல் புதன் பூசையில் சாமியார், "விடுவதோடு நிற்காதீர்கள், யாருக்காவது உதவியாக ஒன்று செய்யுங்கள்" என்றதும் இவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

"பக்கத்து வூட்டு சிட்டம்மாக்கா ஒண்டிக்கட்டை. நாப்பது நாளும் நான்தான் தண்ணி கொண்டாந்து குடுக்கப் போறேன். இந்த வாட்டி பாரு."

எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் குடம் தூக்கிய கை இல்லை அது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மனுஷன் கோயிலில் தலையைத் தொங்கப்போட்டு நிற்பதைப் பார்க்க எனக்கே கஷ்டம்.

விடிந்ததும் தெருமுனை அடிபம்பில் இரண்டு குடம் அடித்து, சிட்டம்மாள் வாசலில் இறக்கிவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி ஒரு இருமல் இருமுவார். பதினைந்து நாள் ஓடிவிட்டது. என்னால் நம்ப முடியவில்லை.

பதினாறாம் நாள் கொல்லைப்பக்கம் போனேன். சிட்டம்மாள் அந்தத் தண்ணீரைக் கத்திரிச் செடிக்கு ஊற்றிவிட்டு, காலிக் குடத்தோடு, இவர் கழனிக்குப் போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது?"

"கோச்சிக்காதம்மா. காலைல பம்பாண்ட போனாத்தான் எனுக்கு நாலு பேரு மொகம். வூட்ல பேச யாரு கீறாங்க? இப்ப உச்சி வெயில்ல ஒளிஞ்சி போறேன், ஒரு ஈ காக்கா இல்ல. நோம்பு எடுத்துக்கினு கீற மனுசங்கிட்ட வேணான்னு சொல்லலாமா? அந்தப் பாவம் எனுக்கு எதுக்கு? இன்னும் இருபத்தி நாலு நாளுதான். பல்லக் கடிச்சிக்கினு ஓட்டிடுவேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சோறு போடும்போது அவரிடம் சொன்னேன். பிசைந்த கை அப்படியே நின்றது.

"அப்ப இந்த வருசமும் பூட்ச்சா?"

"எங்கயும் பூடல. நாளைக்கு அக்காவையும் இட்டுக்கினு போங்க. அவங்க பேசட்டும், நீங்க தூக்குங்க."

மறுநாள் பம்படியில் சிட்டம்மாள் பதினாறு நாள் பேச்சையும் சேர்த்துப் பேசினாள். அம்முலுவின் மருமகள் கதை முடிந்து, தாயாரம்மாளின் ஆடு காணாமல் போன கதை ஆரம்பித்தது. இவர் குடத்தைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார்.

"போலாமாக்கா?"

"இரு நைனா, இன்னா அவசரம்?"

அதையும் தாங்கினார். அந்த ஈஸ்டருக்குக் கோயிலில் தலை நிமிர்ந்து நின்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. போர்வைக்குள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் சிட்டம்மாள் குரல் கேட்டது.

"இன்னா நைனா, கெளம்பல?"

"நோம்பு முடிஞ்சி பூட்ச்சிக்கா."

"ஒனுக்கு முடிஞ்சிது. எனுக்கு?"

இவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் எங்கள் வீட்டுக் குடத்தையும் சேர்த்துக் கையில் கொடுத்தேன்.