சிறியாநங்கைக் கஷாயம்

கோகிலவாணி அடுக்களைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் அப்பா அருணகிரியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் பிணம் கிடக்கும்போது பெற்ற மகள் சட்டி வழிக்கிறாள் என்று நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். பேசிவிட்டுப் போகட்டும். ஒரு சொம்பின் அடியில் குடலைப் பிரட்டும் கசப்பு இருந்தது. சிறியாநங்கைப் பச்சிலை.

அரிசி டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகளும் கிடைத்தன. சிறுநீரகப் புற்றுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தவை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. இந்த வேலையை அன்பரசுச் சித்தப்பாவைத் தவிர வேறு யார் செய்வார்? பல்வலி முதல் பாம்புக்கடி வரை பச்சிலை சொல்கிற மனுசன். அவரைப் புழக்கடைக்குக் கூட்டிப்போனாள்.

"சித்தப்பா, அப்பாவுக்குக் கசாயம் வெச்சுக் குடுத்தது ஆருங்க?"

"இப்ப எதுக்குச் சாமி அது?"

"மாத்திர அப்படியே கெடக்குது. ஆருன்னு கேட்டனுங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாந்தான்."

"எப்ப இருந்து?"

"நாந்தான்னு சொல்லீட்டனல்லோ. போயி அம்மாகூட உக்காரு."

ஆனால் ஆட்டுக்குட்டி விலை கேட்டாலே அரைநாள் இழுக்கிற மனுசன், இவ்வளவு பெரிய பழியை இப்படிச் சட்டென்று தலையில் போட்டுக்கொள்வாரா? அம்மா பாவாயியோ காலையிலிருந்து அவள் முகத்தையே பார்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். சும்மா விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையில் நின்றபோது, ஈர அரிசியைக் கையில் வாங்கிய கோகிலவாணியின் முழங்கையை ஒருத்தி தொட்டாள்.

"நான் பெரியநாயகிங்க, பள்ளிபாளையம். எங்கூட்டுக்காரருக்கும் இதே நோவு. ஆஸ்பத்திரியில உங்கப்பா பழக்கமுங்க. மருந்து கண்டுபுடிச்ச அம்மணி நீங்கதானுங்களா?"

"என்ன மருந்து?"

"பொங்கலுக்கு வந்தப்பப் போன்ல படம் காட்டுனீங்களாமா. சிறியாநங்கைச் சத்துப் பட்டு, கிட்னிப் புத்து பூராச் செத்துக் கெடக்கறத. எம்மக கண்டுபுடிச்சதுன்னு எங்களுக்கும் நாத்துக் குடுத்தாருங்க. ஸ்கேன் நல்லா வந்தப்பறம் உங்ககிட்டச் சொல்லிக்கலாம்னாரு."

காட்டியது வாஸ்தவம்தான். அவள் ஆராய்ச்சி செய்யும் சேலத்துக் கல்லூரி ஆய்வகத்தில், உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள். தட்டில் சாவது வேறு, உடம்புக்குள் சாவது வேறு என்று அவள் சொல்லவில்லை. அப்பாவின் முகம் அன்று அவ்வளவு பூரித்துப் போயிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். சித்தப்பா பந்தல் காலைப் பிடித்தபடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கூட்டுக்காரரு மாத்திர சாப்படறாருங்களா?"

"அதையத்தான் நிறுத்தீட்டமுங்களே."

"போன் போடுங்க. இப்பவே."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. "கோகிலா, வாய்க்கரிசி போட வா கண்ணு" என்று அம்மா கூப்பிட்டாள். மறுமுனையில் ஒரு மெலிந்த குரல் எடுத்தது.

"ஐயா, அருணகிரி மக பேசறனுங்க. அந்தக் கசாயத்தக் கீழ ஊத்தீருங்க. மாத்திரைய எடுத்துட்டு நாளைக்கே டாக்டரப் போயிப் பாருங்க."

"ஏனுங்க சாமி," என்றது அந்தக் குரல். "உங்க மருந்துதானுங்களே."

அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். இறுக்கிப் பிடித்த விரல்களுக்கிடையே அரிசித் தண்ணீர் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.