கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு

கிரேக்க நகரமான லாம்ப்சாகோஸின் நாணயச்சாலையில் சம்மட்டி அடிப்பவன் நான். காசு அச்சில், சிங்கத்தோல் போர்த்திய வீரன் ஹெராக்ளிஸுக்குத் தன் முகத்தையே வெட்டச் சொல்லியிருந்த அரசன், முதல் பொற்காசை எடுத்துப் பார்த்தான். அச்சில் விரிசல். காசில் அவன் கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு புடைத்திருந்தது.

"என்னடா இது? என் கழுத்தை அறுத்து வச்சிருக்கீங்களா?"

காவலன் வாளை உருவினான். அச்சு வெட்டிய எவார்கோஸ் வாய் கூசாமல் சொன்னான்: "சிங்கத்தோலைக் கட்டின கயிறு, ராஜா."

அரசன் சிரித்தான். "அப்படியா? எல்லாக் காசுலயும் இந்தக் கயிறு இருக்கணும். அடி!"

அடிக்க அடிக்க விரிசல் பெரிதாகும். அது தெரிந்த படுபாவி எவார்கோஸ் என் பக்கம் திரும்பவே இல்லை.

அடித்தேன். விரிசல் பிளந்தது. புதுக் காசில் தலை கழுத்தைவிட்டு விலகிக் கிடந்தது.

"குடு, பாக்கலாம்" என்று அரசன் கையை நீட்டினான்.