நூற்று நாற்பது என்று ஒட்டிய டிரான்சிஸ்டர்

தங்கை, கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடலை மிதித்ததுமே ரிப்பேர்க்காரன் காதைத் தீட்டிக்கொண்டான். இது அவன் செய்து கொடுத்த பெடலின் சத்தம் இல்லை.

பெட்டி என்னவோ அவன் செய்ததுதான். சாம்பல் நிற அலுமினியப் பெட்டி. மூடியின் ஓரத்தில், பெயின்ட் காய்வதற்குள் பொறுமையில்லாமல் தொட்டுப் பார்த்த அவனுடைய கட்டைவிரல் தடம். ஆனால் உள்ளேயிருந்து வருகிற கரகரப்பு தடித்துக் கிடந்தது. ஒவ்வொரு மீட்டலின் வாலிலும் ஒரு சின்ன இழுப்பு, சளி கட்டிய தொண்டைபோல. அந்தத் தகரக் கூரைக் கொட்டகையில் இருந்த யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்தே வயிறு வளர்ப்பவனின் காது மட்டும் கவனித்துத் தொலைத்தது.

இத்தனை வருடமாகத் தங்கை அடுத்தவர் வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்து, சுருதி பிடிக்கவே தெரியாத பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்துக் காலத்தை ஓட்டினாள். இப்போதுதான் ஒரு இசைக்குழுவில் கிட்டார் இடம் காலியாகியிருந்தது; அதற்கு ஆள் எடுக்கத்தான் இன்று இந்தக் கொட்டகையில் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். குழுவை நடத்துகிற டிரம்மர் அந்தக் காலத்துச் சத்தத்தின் மேல் பைத்தியம் பிடித்தவர் என்று பெயர். "இது கெடைக்கலன்னா கிட்டாரை வித்துட்டு ஏதாவது ஆபீஸ்ல போய் உட்காந்துடறேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். மற்றவர்கள் சொன்னால் கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடலாம். இவள் சொன்னால் செய்துவிடுவாள்.

அதனால்தான் அவன் அந்தப் பெடலோடு அவ்வளவு மல்லுக்கட்டினான். பழைய பாணிப் பெடல் என்றால் உள்ளே இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வேண்டும், தகரத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும் பழங்காலத்துச் சாமான். எங்கெங்கோ அலைந்து ஒரு டப்பா வாங்கி வந்தான். ஆர்வக்கோளாறில் முதலில் கையில் வந்ததை மீட்டரில் செருகினான். சத்தத்தைப் பெருக்கும் திறன் நூற்று நாற்பது மடங்கு என்று காட்டியது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் துண்டுக் காகிதத்தில் 140 என்று எழுதி அதன் தொப்பியில் ஒட்டியும் விட்டான்.

அப்புறம்தான் கசிவைச் சோதித்தான். ஜெர்மானியத்தில் மின்சாரம் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கசியும். சூடு ஏற ஏற அதிகமாகக் கசியும். சாதாரண மீட்டருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. கசிவையும் திறமை என்றே கூட்டிக் காட்டிவிடும். நூற்று நாற்பதில் பாதிக்குப் பாதி வெறும் ஓட்டை. ஒட்டியதை அப்போதே கிழித்திருக்க வேண்டும். நாளைக்குக் கிழிக்கலாம் என்று டப்பாவில் போட்டான். அவன் நாளை என்று சொன்னவையெல்லாம் இன்னும் அவன் மேசையில்தான் இருக்கின்றன.

டப்பா முழுவதும் சலித்ததில் உருப்படியானது ஒன்றே ஒன்று தேறியது. இரண்டாவதின் இடத்தில் சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒன்றைப் பொருத்தினான். கறுப்புப் பிளாஸ்டிக், எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்தச் சூட்டுக்கும் அசையாது. அதன் கம்பிக் கால்களைச் சரியான வரிசைக்கு வளைத்து, உள்ளே இருந்த திருகைத் திருப்பித் திருப்பிச் சத்தத்தைப் பழையதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். மாற்றிப் பார்க்க வசதியாக இரண்டையும் சாலிடர் வைக்காமல் சாக்கெட்டில் செருகியிருந்தான்.

"ரெண்டும் ஜெர்மானியம்தானே?" என்று தங்கை கேட்டாள்.

"ஆமா" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு சொல்தான் இப்போது அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது பாட்டு தொடங்கியது. உச்சிவெயில் கூரையில் இறங்கி, விளக்குகளின் சூடும் சேர்ந்து, கொட்டகை அடுப்பாகிக்கொண்டிருந்தது. தங்கையின் மீட்டல் ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சீக்கிரம் செத்தது. கடைசியில் நீட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் சத்தம் புஸ்ஸென்று அறுந்துபோனது. டிரம்மர் குச்சியைத் தூக்கி நிறுத்தினார்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒரு நிமிஷம் சார். பேட்டரியா இருக்கும்."

"சரி, தண்ணி குடிச்சிட்டு வர்றோம். அதுக்குள்ள பாருங்க. இன்னும் ரெண்டு பேர் வெளியில காத்திருக்காங்க."

குழு வெளியே போனது. ரிப்பேர்க்காரன் மேடைக்கு ஓடினான். தங்கையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் அவள் அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

"உள்ள கை வச்சியா?" என்றான் மெதுவாக.

"பேட்டரி மாத்தத் திறந்தேன். உள்ள ஒண்ணு தகரம், ஒண்ணு பிளாஸ்டிக். எனக்கு என்ன தோணும் சொல்லு. உன் டப்பாவுல நூத்தி நாப்பதுன்னு ஒட்டி ஒண்ணு இருந்துச்சு. அவ்ளோ நல்லதை உன்கிட்ட வச்சுக்கிட்டு எனக்குக் குப்பையைக் குடுத்திருக்கியேன்னு நெனச்சேன். மாத்திட்டேன். காலையில ஏசி ரூம்ல நல்லாத்தானே இருந்துச்சு."

"அது நூத்தி நாப்பது இல்லடி. அது பொய் நம்பர். சூடேறுனா செத்துடும்."

"பொய்யின்னு தெரிஞ்சும் ஒட்டி வச்சிருந்தியா?"

"ரெண்டும் ஜெர்மானியம்னு சொன்னதும் பொய்தான். நல்லதா ரெண்டு கெடைக்கல. உங்கிட்ட சொல்ல பயந்துட்டேன்" என்றான்.

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஜீன்ஸ் பாக்கெட்டில் கைவிட்டு, பேப்பரில் மடித்து வைத்திருந்த கறுப்பு டிரான்சிஸ்டரை எடுத்து நீட்டினாள். "தூக்கிப் போட மனசு வரல" என்றாள்.

மூடியைக் கழற்றினான். எண் ஒட்டிய தகரத் தொப்பியைத் தொட்டால் விரல் சுட்டது. அதைப் பிடுங்கிவிட்டுக் கறுப்பைச் செருகப் பார்த்தான். அவசரத்தில் கால் ஒன்று மடங்கியது. இன்னொரு தடவை மடங்கினால் ஒடிந்துவிடும். மாற்றுக்கு வேறு ஒன்று கொண்டுவரவில்லை. வெளியே டிரம்மர் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"குடு" என்று தங்கை வாங்கினாள். நகத்தால் காலை நிமிர்த்தினாள். "தட்டையான பக்கம் எங்க?"

"பேட்டரியைப் பாத்து. அந்தத் திருகைத் தொட்டியா?"

"கொஞ்சம் திருப்பினேன்."

பழைய இடத்துக்குக் கொண்டுவர மீட்டர் வேண்டும். மீட்டர் வீட்டில் இருந்தது. "என் காதை நம்பாத, எனக்கு இப்ப எதுவுமே கேக்கல. நீயே திருப்பு."

அவள் ஒரு கையால் ஒரே கம்பியை மீட்டினாள். மறு கையில் ஸ்க்ரூடிரைவர். சத்தம் மெல்லியதாக, கீச்சென்று, பிறகு அடைத்துக்கொண்டு, பிறகு ஏதோ ஒரு இடத்தில் நெஞ்சைத் திறந்த மாதிரி நின்றது. அங்கேயே விட்டாள். குழு உள்ளே வரும்போது அவன் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தான்.

இந்தமுறை பாட்டு முழுதாகப் போனது. நீட்டிப் பிடிக்க வேண்டிய இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினாள். சத்தம் அறுந்துபோகாமல் நின்றுகொண்டே இருந்தது.

டிரம்மர் எழுந்து வந்து பெடலைக் குனிந்து பார்த்தார். "யார் செஞ்சது?"

"எங்க அண்ணன்."

"அசல் ஜெர்மானியமா?"

தங்கை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். ஆமாம் என்று சொன்னால் முடிந்துபோகும் என்று அவனுக்குத் தெரியும்.

"ஒண்ணுதான் சார் அசல்" என்றான். "இன்னொண்ணு சிலிக்கான். நல்ல ஜோடி கெடைக்கல."

டிரம்மரின் முகம் சுருங்கியது. "காதுக்குத் தெரியுது, பழசு இல்ல. போன கிட்டார்க்காரன்கிட்ட இருந்தது ரெண்டும் அசல். மத்தியான வெயில்ல மைதானக் கச்சேரியில அது செத்து, பாதிப் பாட்டுல என்னைத் தவிக்க விட்டுட்டான். இது நிக்குமா?"

"நிக்கும் சார்."

"அப்ப திங்கக்கிழமை பயிற்சிக்கு வாம்மா. இவர் சொன்னா நம்பலாம் போல" என்று சொல்லிவிட்டு வெளியில் காத்திருந்தவர்களை அனுப்பிவைக்கப் போனார்.

வெளியே வந்து வண்டியருகில் நின்றதும் தங்கை உள்ளங்கையை விரித்தாள். அவன் பிடுங்கிப் போட்ட தகரத் தொப்பி அதில் இருந்தது, இன்னும் சூடாக.

"அவருக்கு உன்னை ஒரு மணி நேரமாத்தான் தெரியும்" என்றாள். "எனக்கு அவ்ளோ சீக்கிரம் நம்பிக்கை வராது. முதல்ல இதைக் கிழி."

அவன் நகத்தால் சுரண்டினான். வெயிலில் பசை இளகி, எண் விரலோடு வந்துவிட்டது.